பின்னால் போன ஜாவா

எவ்ஜென் முதல் கியரைப் போட்டான். ஜாவா பைக் பின்னால் போனது.

முன்னால் கிளம்பும் வண்டிக்கு உடம்பை எப்படிக் கொடுப்போமோ அப்படிக் கொடுத்து உட்கார்ந்திருந்தவன், நெஞ்சு போய் டேங்கில் இடிக்க, கைப்பிடியோடு தொங்கினான். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று காலுக்குத் தோன்றுவதற்குள் பின்சக்கரம் கராஜின் கடைசிச் சுவரில் இருந்த மர அலமாரியை முட்டியது. மேல்தட்டில் அவன் மனைவி ட்ராஹா அடுக்கி வைத்திருந்த வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளில் பாதி கீழே வந்து உடைந்தன. வினிகர் நெடி மண்டைக்கு ஏறியது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. கொஞ்சம் கரகரத்த குரலில், எதுவுமே நடக்காததுபோல, தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

எதிர் வரிசை கராஜ் வாசலில் உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த ஹினெக் நிமிர்ந்து பார்த்தான். பார்த்த கையோடு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து தொடையில் அடித்துச் சிரித்தான்.

"டேய் எவ்ஜென்! ஹவீர்ஷோவ் ஊர்லயே ரிவர்ஸ் கியர் வச்ச ஒரே ஜாவா உன்னோடதுதான்டா! எவன்கிட்ட வாங்கின?"

எவ்ஜென் வண்டியைத் தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்தினான். கியர் லீவரைக் காலால் தடவிப் பார்த்து, சந்தேகமில்லாமல் முதல் கியர்தான் என்று உறுதி பண்ணிக்கொண்டு, ஆக்சிலேட்டரை முடியளவுக்குத் திருகினான். வண்டி மறுபடியும் பின்னால் நகர்ந்தது. சக்கரத்துக்கடியில் ஒரு வெள்ளரிக்காய் நசுங்கியது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

அணைத்துவிட்டு ஹினெக்குக்கு முதுகைக் காட்டி நின்றான்.

காரணம் தெரியாததால் வந்த பயம் இல்லை அது. காரணம் தெரிந்ததால் வந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முன்னும் ஒன்றுதான், பின்னும் ஒன்றுதான். பிளக்கில் பொறி வரவேண்டிய நேரத்துக்கு, அதாவது டைமிங்குக்கு, ரொம்ப முந்தி வந்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை உச்சி தொட விடாமல் அது திருப்பி அடிக்கும். திருப்பி அடிபட்ட எஞ்சின் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்து, அப்படியே சுகமாக ஓடவும் செய்யும். சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில், குடித்துவிட்டு டைமிங் வைத்த ஒருத்தனுக்கு இப்படி ஆனதை எவ்ஜென் பார்த்திருக்கிறான். அன்றைக்கு அவனும் ஹினெக் மாதிரிதான் சிரித்தான்.

ஆனால் இந்த ஜாவாவுக்கு டைமிங் வைத்தவன் எவ்ஜென். நேற்று மத்தியானம், குடிக்காமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் வைத்தான். ஐம்பத்தேழாம் வருஷத்து வண்டி. அப்பா வாங்கியது. அவன் கைபடாத நட்டு அதில் ஒன்றுகூடக் கிடையாது. இந்த வண்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு டைமிங் வைக்கிற கை அது. அந்தக் கை தப்பு பண்ணியிருக்கிறது என்றால்?

அண்ணன் சிக்மண்டுக்கு இப்படித்தான் தொடங்கியது. சுரங்கத்துப் பம்புகளை எல்லாம் கட்டி மேய்த்தவன், ஒரு நாள் புல்வெட்டும் மெஷினைக் கழற்றி மாட்டிவிட்டு, கையில் மிஞ்சிய இரண்டு நட்டுகளையும் ஒரு பல்சக்கரத்தையும் பார்த்து, "இதெல்லாம் யாரு இங்க வச்சது?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறான். எவ்ஜென் போனால் எழுந்து நின்று, "வாங்க சார்" என்கிறான்.

ட்ராஹா வாளியோடு வந்தாள். இரும்பாலையில் இருபது வருஷம் கிரேன் ஓட்டியவள். நாற்பதடி உயரத்திலிருந்து கீழே நிற்பவனிடம் பேசிப் பேசி, பக்கத்தில் நின்றாலும் அதே குரலில்தான் பேசுவாள்.

"என் வெள்ளரிக்கா!"

"பாத்து வா. கண்ணாடி."

"எத்தன ஜாடி போச்சு?"

"எண்ணல."

"எண்ணாத. எண்ணிச் சொன்னா அந்த ஸ்பானராலயே உன் மண்டையில போடுவேன்." வாளியைக் கீழே வைத்தாள். "எப்படி உடைஞ்சுது?"

"முதல் கியர் போட்டேன். வண்டி பின்னாடி போச்சு."

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்திருந்தால் இன்னும் நிம்மதி. அவள் இரண்டும் செய்யவில்லை. நடுவயிற்றில் வலி வந்தவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடட்டுமா?"

"எஞ்சின் பின்னாடி ஓடினதுக்கு டாக்டரம்மா என்ன பண்ணுவா? டைமிங் வைப்பாளா?"

"அன்னிக்கு நம்ம பிளாக்குல பக்கத்து வாசல்ல ஏறி, மூணாம் மாடியில எவன் வீட்டுக் கதவுலயோ சாவிய விட்டுத் திருகிக்கிட்டு நின்னியே, அதுவும் டைமிங்கா?"

"எல்லா வாசலும் ஒரே மாதிரி கட்டி வச்சிருக்கான். உள்ள பெயிண்ட்கூட ஒரே பச்சை. யாருக்கும் வரும்."

"முப்பத்தஞ்சு வருஷமா யாருக்கும் வரலயே."

எவ்ஜென் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். பொறுக்கிக்கொண்டே சொன்னான்: "வர்ற ஞாயித்துக்கிழமை ஃப்ரீடெக்குக்கு எல்லாரும் கிளம்புறாங்க. நீயும் நானும் இந்த வண்டியில போறோம். வண்டி ஒழுங்கா அங்க போய்ச் சேந்துச்சுன்னா டாக்டர் பேச்சே எடுக்கக் கூடாது. சேரலன்னா, நீ சொல்ற இடத்துக்கு வர்றேன்."

"வாய்ப்பேச்சா, நிஜமாவா?"

"நிஜமா."

"சரி," என்றாள். பிறகு வாளியை அவன் பக்கமாகக் காலால் தள்ளிவிட்டாள். "ஊறுகா நெடி போற வரைக்கும் கழுவு."

ஃப்ரீடெக் தேவாலயத்து வாசலில் ஒவ்வொரு வசந்தத்திலும் பாதிரியார் பைக்குகளுக்குப் புனித நீர் தெளிப்பார். எவ்ஜெனுக்கோ ட்ராஹாவுக்கோ சாமி நம்பிக்கை கிடையாது. வறுத்த சாசேஜுக்காகவும், யார் வண்டி இன்னும் ஓடுகிறது என்று பார்ப்பதற்காகவும் வருஷா வருஷம் போவார்கள். இந்த வருஷம் அந்தப் பயணத்தில் எவ்ஜென் தன் மண்டையையே பந்தயமாக வைத்துவிட்டான்.

அன்று மத்தியானமே உட்கார்ந்தான். வலது பக்கத்து மூடியைக் கழற்றினான். பாயிண்ட் தெரிந்தது. இரண்டு சின்ன முனைகள். அவை பிரிகிற கணத்தில்தான் பொறி பிறக்கும். பிளக்கை எடுத்துவிட்டு, அந்தத் துவாரத்தில் சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை இறக்கினான். கம்பியில் அரம் வைத்து ராவிய ஒரு கோடு உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கோடு சிலிண்டர் விளிம்புக்கு நேராக வரும்போது பாயிண்ட் பிரிய வேண்டும். முனைகளுக்கு நடுவே சிகரெட் சுருட்டும் தாளைக் கிழித்து ஒரு துண்டைச் செருகி, மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டே எஞ்சினைக் கையால் சுற்றினான். தாள் எப்போது வழுக்கிக்கொண்டு வருகிறதோ அப்போது பிரிந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கென்று கடையில் கருவி விற்கிறார்கள். எவ்ஜெனுக்குத் தாள் போதும்.

கோடு விளிம்புக்கு ரொம்பக் கீழே இருக்கும்போதே தாள் வந்துவிட்டது. டைமிங் படுமோசமாக முந்திப் போயிருந்தது. நேற்று வைத்தபோது இப்படி இல்லை. இல்லைதானே? பாயிண்டின் இடைவெளியைப் பார்த்தான். அவன் வழக்கமாக வைப்பதைவிட அகலமாக இருந்தது. நேற்று தானே அகலமாக வைத்துவிட்டோமோ? நேற்றை நினைத்துப் பார்த்தான். தாள் ஞாபகம் வந்தது. கம்பி ஞாபகம் வந்தது. ஸ்பானர் வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது ஞாபகம் வந்தது. ஆனால் கட்டைவிரலில் காயம் இல்லை. அப்படியானால் அது நேற்று இல்லை, வேறு ஏதோ ஒரு நாள்.

இடைவெளியைக் குறைத்து, மறுபடி தாள் வைத்து, கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து திருகை இறுக்கினான். உதைத்தான். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. கியர் போட்டான். முன்னால் போனது. கராஜ் வரிசையைச் சுற்றி, ரயில் பாதை ஓரமாக ஒரு வட்டம் அடித்து வந்தான். சத்தத்தில் குற்றமில்லை. ஹினெக் கையாட்டினான்: "பரவால்ல, இன்னிக்கு முன்னாடி போகுதே!"

அடுத்த நாள் போய் உதைத்தான். கிக்கர் திருப்பி அடித்த அடியில் கெண்டைக்கால் சதை விண்ணென்று தெறித்தது. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். வலி கொஞ்சம் அடங்கியதும் மூடியைக் கழற்றிப் பார்த்தான். இடைவெளி அகலமாக இருந்தது.

திருகு தளர்ந்திருக்குமோ? இல்லை. மரம் மாதிரி இறுகிக் கிடந்தது. திருகு இறுகியிருக்கும்போது இடைவெளி தானாக அகலமாகாது. யாரோ தளர்த்தி, அகலப்படுத்தி, திரும்ப இறுக்கினால்தான் ஆகும். இந்த வண்டியில் கைவைக்கிறவன் அவன் ஒருத்தன்தான். அப்படியானால் அந்த யாரோ அவன்தான்.

இந்த நினைப்பு வந்ததும் கால்வலி மறந்தது. நிமிர்ந்து கராஜைச் சுற்றிப் பார்த்தான். ஸ்பானர்கள் அவன் மாட்டிவைக்கிற ஆணிகளில்தான் தொங்கின. பதினாலாம் நம்பர் மட்டும் பதினேழின் ஆணியில். நான்தான் மாட்டினேனா? நேரே எதிர் கராஜுக்குப் போனான்.

"ஹினெக், நேத்து நான் திரும்ப இங்க வந்தேனா?"

"எப்போ?"

"சாயந்திரம். வண்டிய மூடிட்டுப் போனப்புறம்."

"எனக்கு வேற வேலை இல்லையா? உன் கராஜ் வாசல்ல காவலா நிக்கிறேன்?" ஹினெக் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "ஏன்டா, என்ன?"

"ஒண்ணுமில்ல. ஸ்பானர் ஒண்ணு காணோம்."

"பொண்டாட்டி ஒளிச்சு வச்சிருப்பா. வெள்ளரிக்காய்க்குப் பழி."

மறுபடி டைமிங் வைத்தான். இந்த முறை, திருகை இறுக்கிய பிறகு, பாயிண்ட் தகடும் அடித்தட்டும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டான். தகடு ஒரு மயிரிழை அசைந்தாலும் கீறல் இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். யாரும் ஏமாற்ற முடியாது. தானும்கூட.

மறுநாள் போய் மூடியைத் திறந்தான். அடித்தட்டில் இரண்டு கீறல்கள் இருந்தன.

அவன் ஒன்றுதான் போட்டான். அல்லது ஒன்று போட்டு, சரியாக விழவில்லை என்று இன்னொன்று போட்டானா? தகட்டில் ஒன்றுதான் இருந்தது. அது கீழே இருந்த இரண்டில் ஒன்றுக்கும் நேராக இல்லை, நடுவில் எங்கேயோ நின்றது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனான். ஒரு கீறல் பளபளப்பாக இருந்தது, இன்னொன்றில் எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. கறுத்தது பழசு. அப்பா போட்டதாகக்கூட இருக்கலாம். அப்பா எதற்குக் கீறல் போடப் போகிறார்? நாற்பது வருஷமாக இந்தத் தட்டைத் திறந்து மூடுகிறவன், இந்தக் கீறலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா? பார்த்து மறந்தானா?

கறுத்த கீறலை நகத்தால் சுரண்டினான். உள்ளே அதுவும் பளபளத்தது. விளக்கை அணைத்துவிட்டு, மூடியைக்கூட மாட்டாமல் வீட்டுக்குக் கிளம்பினான். தங்கள் வாசலுக்கு வந்ததும் நின்று, கதவில் எழுதியிருந்த எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகுதான் உள்ளே ஏறினான். ட்ராஹா பூண்டு சூப் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை, பேரப்பிள்ளைகளுக்குக் காலணி வாங்கப் போகலாம் என்று ட்ராஹா அவனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். கடையில் கூட்டம். அவள் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்ஜெனுக்கு அந்த மூடி ஞாபகம் வந்தது. மாட்டாமல் வந்துவிட்டோம், தூசி விழும். தூசி விழுந்தால் பாயிண்ட் கரியும். நாளைக்குப் பயணம்.

"நான் கிளம்புறேன்," என்றான்.

"இரு. இன்னும் சின்னவனுக்குப் பாக்கல." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க போற? கராஜுக்கா? இப்ப போகாத."

"ஏன் போகக் கூடாது?"

அவள் பிடியை இறுக்கினாள். எவ்ஜென் கையை உருவிக்கொண்டு வெளியே வந்து பஸ் பிடித்தான்.

கராஜ் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஜாவாவின் வலது பக்கத்தில், தரையில் சாக்கை விரித்து, போல்டா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது கராஜ்காரன். சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எவ்ஜெனுடைய இன்னொரு சாவி அவனிடம்தான் இருக்கும், அவனுடையது எவ்ஜெனிடம். வரிசையில் முன்பு ஒரு தடவை தீப்பிடித்ததிலிருந்து எல்லாரும் அப்படித்தான் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். போல்டாவின் கையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இருந்தது. மெல்லிய எஃகு இதழ் ஒன்றைப் பாயிண்டுக்கு நடுவில் விட்டு, நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போல்டா."

போல்டா திடுக்கிட்டதில் ஃபீலர் கேஜ் கீழே விழுந்து விசிறி மாதிரி விரிந்தது.

"நீ... நீங்க காலணி வாங்கப் போயிருக்கீங்கன்னு ட்ராஹா..." பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

எவ்ஜெனுக்கு முதலில் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். எதிர் கராஜிலிருந்து ஹினெக் எட்டிப் பார்த்தான்.

"நீயாடா? தினமும் நீயாடா வந்த? கேஜ வச்சு அகலப்படுத்தினது நீயா?"

"இடைவெளி கம்மியா இருந்துச்சு எவ்ஜென். புத்தகத்துல போட்டிருக்கிற அளவுல பாதிகூட இல்ல. கம்மியா இருந்தா பாயிண்ட் கரிஞ்சுபோகும். அதான் சரிபண்ணினேன். மறுநாள் பாத்தா நீ திரும்பக் குறைச்சு வச்சிருந்த. நானும் திரும்ப..."

"கரண்டுக்காரப் பயலே! உன் கண்ணுக்கு அது வெறும் சுவிட்ச்சு! இடைவெளியக் கூட்டினா பாயிண்ட் முன்னாடியே பிரியும். முன்னாடியே பிரிஞ்சா பொறி முன்னாடியே வரும். டைமிங்கே போச்சு! இந்த வண்டியில பாயிண்ட்டத் திறக்கிற கேம் தேஞ்சு கிடக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி குறைச்சு வச்சாத்தான் நிக்கும். நாப்பது வருஷமா அப்படித்தான் வச்சிருக்கேன்." மூச்சு வாங்கியது. "கீறல்? கீறல் போட்டியா?"

"ஒண்ணு போட்டேன். நீ போட்டதுக்குப் பக்கத்துல. எவ்வளவு நகத்தினேன்னு தெரியணும்ல. அப்புறம் கொஞ்சம் திரும்ப நகத்தினேன்."

"கறுப்பா இருந்துச்சே!"

"என் விரல் எண்ணெயா இருந்திருக்கும்."

எவ்ஜென் சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்து போல்டாவின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தான். போல்டா நெளிந்தான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை என்பதை எவ்ஜென் அப்போதுதான் கவனித்தான்.

"நான் பைத்தியம் பிடிச்சுப்போச்சுன்னு நினைச்சேன்டா. அண்ணன் மாதிரி. உனக்குத் தெரியுமா, வாசல் நம்பரையெல்லாம் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டு ஏறினேன்!"

வாசலில் நிழல் விழுந்தது. ட்ராஹா, காலணிப் பையோடு, ஓடி வந்த மூச்சிரைப்போடு நின்றாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள்.

"பாரு கிழவி! பாரு! பின்னாடி போனது நான் இல்ல, இவன்! நீ அனுப்பின ஆளு! சரிபாக்க அனுப்பினியே, அவன்தான் உன் வெள்ளரிக்காய உடைச்சது! என் கை சரியாத்தான் இருக்கு. டாக்டரம்மாவுக்கு வேணா இவனக் கூட்டிக்கிட்டுப் போ!"

அவள் போல்டாவைப் பார்த்தாள். போல்டா தரையைப் பார்த்தான்.

"நீ சொல்லலயா?" என்று அவனைக் கேட்டாள்.

"எதச் சொல்லல?" என்றான் எவ்ஜென்.

போல்டா ஃபீலர் கேஜை எடுத்து இதழ்களை ஒவ்வொன்றாக மடக்கினான். "பாயிண்டு விஷயத்துல நான் முட்டாள்தான் எவ்ஜென். ஒத்துக்கிறேன். ஆனா நான் அதுக்காக வரல. திங்கக்கிழமை உன் கேன்லேந்து என் வண்டிக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊத்திக்கிட்டேன். உன்கிட்டக் கேட்டுட்டுத்தான் ஊத்தினேன். ஊத்தும்போது பாத்தா நிறமே இல்ல. வெறும் பெட்ரோலு. எண்ணெய் கலக்கல."

"கலக்காத கேனா இருக்கும். நான் கலந்தா கேன்ல சாக்பீஸால சிலுவை போடுவேன். சிலுவை இல்லாத கேன எதுக்கு எடுத்த?"

"சிலுவை போட்டிருந்துச்சு."

எவ்ஜென் சுவரோரம் இருந்த கேனைப் பார்த்தான்.

"உன் டேங்க்கத் திறந்து பாத்தேன். அதுலயும் வெறும் பெட்ரோலு. அப்படியே ஓட்டியிருந்தா பிஸ்டன் பிடிச்சிருக்கும். ஓடுறப்ப பிடிச்சா பின்சக்கரம் இறுகிக்கும், உனக்கே தெரியும். பின்னாடி ட்ராஹா உக்காந்திருப்பா. அதான் பயந்துட்டு அவகிட்டச் சொன்னேன். டேங்க்கக் காலி பண்ணி என் கலவைய ஊத்தினேன். அப்புறம்தான், மத்ததெல்லாம் சரியா இருக்கான்னு பாப்போம்னு பாயிண்ட்டத் திறந்தேன்."

ஐந்து லிட்டருக்கு ஒரு கடுகுக் கிளாஸ் எண்ணெய். தின்று தீர்த்த கடுகுச் சாந்துக் கிளாஸ் ஒன்றை அதற்கென்றே அலமாரியில் வைத்திருந்தான். பன்னிரண்டு வயதில் அப்பாவுக்கு அளந்து கொடுத்ததிலிருந்து, ஒரு தடவைகூட அது தவறியதில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரன் சோறு மறப்பான், பிள்ளைகள் பிறந்தநாளை மறப்பான், எண்ணெயை மறக்க மாட்டான். மறந்தது மட்டுமில்லை. ஊற்றாத எண்ணெய்க்குச் சிலுவையும் போட்டிருக்கிறான்.

"யாராவது கேன மாத்தியிருப்பாங்க," என்றான்.

"யாரு?" என்றாள் ட்ராஹா. திட்டுகிற குரலில் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அவன் ஹினெக்கை நினைத்தான். அவனுக்கு எதற்கு? போல்டாவை நினைத்தான். ஒரு விஷயத்தில் தப்பு செய்தவன் இன்னொன்றிலும் செய்திருக்கலாம். ஆனால் போல்டாவின் முகம் பொய் சொல்கிற முகமாக இல்லை. கேனை எடுத்து அந்தச் சிலுவையைப் பார்த்தான். கீழ்க்கால் இடது பக்கமாக வளைந்திருந்தது. அவன் போடுகிற சிலுவை அப்படித்தான் வளையும். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். விரலை நனைத்துத் தேய்த்தான். வழவழப்பே இல்லாமல், சில்லென்று ஆவியாகிப் போனது.

கொஞ்ச நேரம் முன்பு சிரித்த சிரிப்பை நினைக்க வெட்கமாக இருந்தது. பாயிண்டில் அவன் சரி. எண்ணெயில் அவன் தப்பு. இரண்டும் ஒரே வாரம், ஒரே கை. அப்படியானால் இந்தக் கையை எப்போது நம்புவது, எப்போது நம்பாமல் இருப்பது? அதைச் சொல்ல எந்தத் தாளையும் செருகிப் பார்க்க முடியாது.

கேனை மூடி கீழே வைத்தான். எத்தனையோ வருஷம் சுரங்கத்தில் இறங்கியிருக்கிறான். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு காரியத்தில் இறங்கியதில்லை.

"சரி. டாக்டரம்மாவுக்குப் போன் போடு. வர்றேன்."

ட்ராஹா காலணிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"போட்டாச்சு. வியாழக்கிழமை காலையில வரச் சொன்னாங்க."

"என்னைக் கேக்காமயா?"

"நீதான் போடச் சொன்ன, எவ்ஜென். நேத்து, சூப் குடிச்சுக்கிட்டே."

"நானா?"

"'பயமா இருக்கு, போன் போடு'ன்னு சொன்ன. நான் போட்டேன். நீ பக்கத்துலயே நின்ன."

விளையாடுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். சீட்டாட்டத்தில் மட்டும்தான் அவள் பொய் சொல்லுவாள், அதுவும் உடனே மாட்டிக்கொள்ளுவாள். நேற்றைத் தேடினான். சூப் இருந்தது. பூண்டு, மேலே மிதந்த ரொட்டித்துண்டு, நாக்கைச் சுட்ட முதல் கரண்டி. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் முகம் இருந்தது. அவள் வாய் அசைந்தது. அவன் என்ன சொன்னான்? அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மறந்துபோன விஷயமென்றால் அதன் ஓரமாவது தட்டுப்படும். இங்கே ஓரம்கூட இல்லை.

"பயமா இருக்குன்னா சொன்னேன்?"

"ஆமா."

"அப்படியெல்லாம் சொல்ற ஆளு இல்லையே நான்."

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு," என்றாள் ட்ராஹா. அப்போதுதான் அவள் குரல் ஒரு தடவை உடைந்தது. உடனே சரிபண்ணிக்கொண்டு, "வண்டிய முடி. நாளைக்குப் போகணும்ல," என்றாள்.

மூன்று பேருமாக முடித்தார்கள். எவ்ஜென் தாளை இழுத்தான், போல்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு கோடு வரும்போது குரல் கொடுத்தான். இடைவெளி விஷயத்தில் வாயே திறக்கவில்லை. எண்ணெயை ட்ராஹா அளந்து ஊற்றினாள். சிலுவையை யார் போடுவது என்று ஒரு கணம் எல்லாரும் நின்றார்கள். பிறகு அவளே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை முழுக்க நீலப்புகை. ஹினெக் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டே கத்தினான்: "எவ்ஜென், ஃப்ரீடெக்குக்கு நீ பின்னாடியே போனீன்னா எங்களுக்கு முன்னாடி போய்ச் சேந்துருவியோ?"

எவ்ஜென் ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ட்ராஹா பின்னால் ஏறக் காலைத் தூக்கினாள். அவன் இறங்கிவிட்டான்.

"என்ன?"

"நீ ஓட்டு."

"எனக்கென்ன கிறுக்கா? கைவிட்டுப் பல வருஷமாச்சு."

"அப்பல்லாம் ராத்திரி ஷிப்டுக்கு இதுலதானே போவ. கிளட்ச்சுகூடப் பிடிக்க வேணாம், கியர் லீவர அழுத்தினா அதுவே விட்டுடும். கிரேன விடவா கஷ்டம்?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். முதல் உதையில் பிடிக்கவில்லை, இரண்டாவதிலும் இல்லை. ஹினெக் வாயைத் திறந்தான். "நீ முன்னாடி வந்து நில்லுடா, எந்தப் பக்கம் போகுதுன்னு அப்பத் தெரியும்," என்றாள். மூன்றாவதில் எஞ்சின் பிடித்தது. கியர் போட்டாள். வண்டி முன்னால் போனது.

பின் சீட்டில் உட்கார்ந்து எவ்ஜெனுக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் சீட் வாரைப் பிடித்தான், பிறகு அவள் கோட்டை. எஞ்சின் கத்தும்போதெல்லாம் அவன் இடது கால் தானாகக் கியரைத் தேடி அழுத்தியது. கீழே ஒன்றுமில்லை, வெறும் காற்று. அழுத்தி முடித்து ஒரு கணம் கழித்துத்தான் அவள் மாற்றினாள்.

"ட்ராஹா, மாத்து! எஞ்சின் கத்துது!"

"கத்தட்டும்! நீ கால வச்சுக்கிட்டுச் சும்மா இரு. என் கணுக்கால மிதிக்கிற!"

ஊர் தாண்டி, வயல் தாண்டி, ரோடு இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. இடது பக்கம்தான் ஃப்ரீடெக். சின்ன வயதிலிருந்து போகிற ரோடு. ட்ராஹா வலது பக்கம் சாய்த்தாள். அவன் அவள் முதுகில் தட்டக் கையைத் தூக்கினான். முன்னால் போன வண்டிகள் எல்லாமே வலது பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன. தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. வழிகாட்டிப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தலையைத் திருப்பினான். அதற்குள் அதன் முதுகுதான் தெரிந்தது.

கையை இறக்கி அவள் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.